மெஷின்ஸ் லேப்புக்குப் பூட்டு போடுவதற்கு முன்

மின்பொறியியல் துறைத் தலைவர் அவர்களுக்கும், பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் உங்கள் பழைய மாணவன். படிப்பை முடித்து 23 ஆண்டுகள் ஆகின்றன. அதில் பெரும்பகுதி சப்ஸ்டேஷன்களில், ரிலே பேனல்களுக்கு முன்னால் நின்றபடியே கழிந்தது. புரொடெக்‌ஷன் டெஸ்டிங் என் தொழில். ரிலே என்பது கோளாறைக் கண்டதும் பிரேக்கரை, அதாவது இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்சை, திறக்கச் சொல்லும் கருவி. லைனில் எங்காவது கோளாறு வந்தால் எந்த பிரேக்கர் திறக்க வேண்டும், எது திறக்கவே கூடாது என்பதைச் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. ஒழுங்காகச் செய்தால் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. சொதப்பினால் ஊருக்கே தெரிந்துவிடும்.

பழைய மாணவர்களின் கருத்தைக் கேட்டு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கைக்கு வந்தது. மோட்டார், ஜெனரேட்டர்களைச் சோதிக்கும் மெஷின்ஸ் லேப்பை அடுத்த கல்வியாண்டோடு மூடுவது, அந்த இடத்தில் கணினிக்கூடம் அமைப்பது, 2 பருவங்களில் நடக்கும் மின் இயந்திரப் பாடத்தை ஒன்றாகச் சுருக்குவது, சோதனைகளை சிமுலேஷனுக்கு (கணினியில் நடத்தும் பாவனைச் சோதனைக்கு) மாற்றுவது, மிச்சமாகும் நேரத்தில் செயற்கை நுண்ணறிவு சேர்ந்த புதிய பட்டப்படிப்பு ஒன்றைத் தொடங்குவது. இதுதானே திட்டம்? தனியாகப் பதில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் இதே யோசனை இன்று பல மின்பொறியியல் துறைகளின் மேசையில் இருக்கிறது என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று தோன்றியது.

உங்கள் பக்க நியாயம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்த லேப் பெரிய இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. இயந்திரங்கள் கிழடு. ஒரு மோட்டார்–ஜெனரேட்டர் செட்டைப் பராமரிக்க ஆகும் செலவில் எத்தனையோ கணினிகள் வாங்கலாம். மாணவர்களுக்கும் அந்தப் பக்கம் ஆர்வமில்லை. சேரும்போதே மென்பொருள் வேலையை மனதில் வைத்துத்தான் சேர்கிறார்கள். லேப்பில் நடப்பது என்ன என்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம்: நாலு பேர் கொண்ட குழுவில் ஒருவன் ஒயரை மாட்டுவான், ஒருத்தி அளவுகளை எழுதுவாள், மற்ற இருவரும் சுவரோரம் நிற்பார்கள். ரெக்கார்ட் நோட்டு, போன வருஷத்து சீனியரின் நோட்டிலிருந்து வரும். அந்த சீனியர் அதற்கு முந்தைய வருஷத்து நோட்டிலிருந்து எடுத்திருப்பார். எங்கள் காலத்தில் ஒரு ஆல்டர்னேட்டரின் (ஏ.சி. மின்சாரம் தரும் ஜெனரேட்டரின்) ஓப்பன் சர்க்யூட் வளைவு பல தலைமுறைகளாக மாறாமல் கைமாறிக்கொண்டிருந்தது. இடையில் அந்த இயந்திரத்துக்கு கம்பிச் சுருளையே மாற்றும் ரீவைண்டிங்கே நடந்திருந்தது. வளைவு மட்டும் அசையவில்லை.

ஆகவே, லேப் இப்போது நடக்கிற லட்சணத்தில் அப்படியே தொடரட்டும் என்று கேட்க நான் வரவில்லை. அதை மூட நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் நேரம் தவறு என்பதுதான் என் வாதம். 20 ஆண்டுகளுக்கு முன் மூடியிருந்தால்கூட ஓரளவு நியாயம் சொல்லியிருக்கலாம். இப்போது மூடுவது, மழை இருட்டிக்கொண்டு வரும்போது குடையைப் பழைய சாமான்காரனுக்குப் போடுவது போல.

ஏன் என்று விளக்குகிறேன். உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் சுற்றறிக்கையைப் படித்தால் தெரிந்த மாதிரி இல்லை.

மின்கட்டமைப்பு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக சிங்க்ரனஸ் ஜெனரேட்டர்களின், அதாவது கட்டமைப்பின் அதிர்வெண்ணோடு இசைந்து சுழலும் ஆல்டர்னேட்டர்களின், தோளில்தான் நின்றது. எங்காவது ஒரு பெரிய நிலையம் திடீரென்று விழுந்தால், மற்ற இயந்திரங்களின் சுழலும் ரோட்டர்கள் தங்கள் இயக்க ஆற்றலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து, வேகத்தைச் சரிசெய்யும் கவர்னர்கள் விழித்துக்கொள்ளும் வரை சமாளிக்கும். ஒரு ரோட்டரில் தேங்கியிருக்கும் ஆற்றல், அந்த இயந்திரம் தன் முழுத் திறனில் ஏறக்குறைய 2 முதல் 9 நொடிகள் வரை மின்சாரம் கொடுக்கப் போதுமானது. கேட்க அற்பமான நேரம். கட்டமைப்பைப் பொறுத்தவரை அந்தச் சில நொடிகள்தான் உயிர். கோளாறு வந்தாலும் அப்படித்தான். அந்த இயந்திரங்கள் தங்கள் வழக்கமான அளவைப் போலப் பல மடங்கு மின்னோட்டத்தைக் கொட்டும். நான் சோதிக்கும் ரிலேக்களில் பெரும்பாலானவை அந்தக் கொட்டலைப் பார்த்துத்தான் ‘கோளாறு’ என்று முடிவு செய்கின்றன.

இப்போது சூரியசக்தியும் காற்றாலையும் பேட்டரியும், டி.சி.யை ஏ.சி.யாக்கும் இன்வெர்ட்டர் என்ற மின்னணுக் கருவி வழியாக வந்து சேர்கின்றன. இன்வெர்ட்டருக்குள் சுழலும் எடை எதுவும் கிடையாது. கோளாறு நேரத்திலும் தன் செமிகண்டக்டர்களைக் காப்பாற்றிக்கொள்ள, வழக்கமான அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக, அதிகம் போனால் ஒன்றரை மடங்கு மின்னோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளும். நான் இளைஞனாக இருந்தபோது கற்ற ரிலே செட்டிங் கணக்குகள் பல இப்போது அப்படியே செல்லுபடியாகவில்லை. வயதான காலத்தில் மறுபடி பாடம் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்க உட்கார்ந்தால் கையில் கிடைக்கும் முதல் கயிறு எது தெரியுமா? சிங்க்ரனஸ் மெஷின் பாடம்தான்.

இன்வெர்ட்டரின் கட்டுப்பாட்டு நிரலைத் திறந்து பாருங்கள். மூன்று கட்ட (த்ரீ ஃபேஸ்) அளவுகளை முதலில் இரண்டாக்குவார்கள். அதற்குப் பெயர் கிளார்க் உருமாற்றம். பிறகு அதைச் சுழலும் அச்சுக்கு மாற்றுவார்கள். அதற்குப் பெயர் பார்க் உருமாற்றம். ராபர்ட் பார்க் அதை 1929-இல் எழுதியதே சிங்க்ரனஸ் இயந்திரத்தின் கணக்கை எளிதாக்கத்தான். ரோட்டரோடு சேர்ந்து தானும் சுழன்றுகொண்டே பார்த்தால் எல்லாம் அசையாமல் நிற்கும் என்பதுதான் அதன் சூட்சுமம். ‘கிரிட் ஃபார்மிங்’ என்று இன்று எல்லா ஆராய்ச்சிக் கூட்டங்களிலும் அடிபடும் இன்வெர்ட்டர் வகையில் ஒரு பெரும் கிளையின் நோக்கமே, ஒரு சிங்க்ரனஸ் இயந்திரத்தைப் போல நடிப்பதுதான். ஒரிஜினலை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத பிள்ளைக்கு, அதன் நகலை வடிவமைக்கக் கற்றுத்தரப் போகிறீர்களா?

ஆஸ்திரேலியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் முழுவதும் இருண்டது. புயல் மின்கோபுரங்களைச் சாய்த்தது. அடுத்தடுத்து வோல்டேஜ் பள்ளங்கள் விழுந்தன. இத்தனை பள்ளங்களுக்கு மேல் வந்தால் உற்பத்தியைக் குறைத்துக்கொள் என்று சில காற்றாலைகளின் கட்டுப்பாட்டில் ஓர் எண் பதிந்திருந்தது. கட்டமைப்பை நடத்துபவர்களுக்கு அந்த எண் தெரியாது. சில நொடிகளில் 450 மெகாவாட்டுக்கும் மேல் காணாமல் போக, அண்டை மாநிலத்தோடு இருந்த இணைப்பு அந்தப் பாரம் முழுவதையும் சுமக்க முடியாமல் அறுந்தது. அடுத்த ஆண்டே அங்கே அமைந்த 100 மெகாவாட் பேட்டரி நிலையம் உலகமெங்கும் செய்தியானது. அதற்குப் பின் நடந்தது அவ்வளவு பேசப்படவில்லை. 2021-இல் அதே மாநிலத்தில் 4 சிங்க்ரனஸ் கண்டென்சர்களை நிறுவினார்கள். எந்தச் சுமையையும் இழுக்காமல், எந்த எரிபொருளும் இல்லாமல், சும்மா சுழன்றுகொண்டே கட்டமைப்புக்குப் பலம் கொடுக்கும் இயந்திரங்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் கடைசி அத்தியாயத்தில், ‘தேர்வுக்கு வராது’ என்று தள்ளப்பட்ட அதே இயந்திரம்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டது வேறு கதை. அங்கே வோல்டேஜ் இறங்கவில்லை, ஏறியது. ஏறிய வோல்டேஜைத் தாங்காமல் ஒரு நிலையம் விலக, அதனால் இன்னும் ஏற, இன்னொன்று விலக, இப்படிச் சங்கிலியாகப் போனது. வேலை எதுவும் செய்யாமல் வோல்டேஜை ஏற்றி இறக்கும் ரியாக்டிவ் பவரில் அதிகப்படியானதை உறிஞ்சிக்கொள்ள வேண்டிய நேரத்தில் போதுமான அளவு உறிஞ்சப்படவில்லை. அங்கிருந்த சூரிய, காற்றாலை நிலையங்களில் பல, வோல்டேஜ் எப்படிப் போனாலும் ஒரே பவர் ஃபேக்டரில், அதாவது வேலை செய்யும் பவருக்கும் ரியாக்டிவ் பவருக்கும் இடையே ஒரே விகிதத்தில், ஓடும்படி விதிக்கப்பட்டிருந்தன. வோல்டேஜைப் பார்த்துத் தன் ரியாக்டிவ் பவரை மாற்றிக்கொள்வது அவற்றின் கடமையாகவே வைக்கப்படவில்லை.

உங்கள் பட்டியலில் நீக்கப்பட வேண்டிய சோதனைகளில் 7-ஆவதாக ‘சிங்க்ரனஸ் மோட்டாரின் வி வளைவுகள்’ என்று இருக்கிறது. ரோட்டரின் காந்தத்துக்குக் கொடுக்கும் மின்னோட்டமான எக்ஸைட்டேஷனைக் குறைத்தால் இயந்திரம் ரியாக்டிவ் பவரை உறிஞ்சும், கூட்டினால் வெளியே கொடுக்கும், நடுவில் ஓர் இடத்தில், இயந்திரம் இழுக்கும் ஆர்மேச்சர் மின்னோட்டம் குறைந்தபட்சத்துக்கு வந்து நிற்கும். மின்தடையை மாற்றும் ரியோஸ்டாட்டை மெதுவாக நகர்த்திக்கொண்டே அம்மீட்டர் முள் இறங்கி, நின்று, மறுபடி ஏறுவதைக் கண்ணால் பார்க்கிற அந்தச் சோதனையில் இருப்பது, அன்றைக்கு ஸ்பெயினில் போதாமல் போன அதே சங்கதி. இதைத்தான் காலாவதியானது என்கிறீர்கள்.

சிமுலேஷனில் வி வளைவு வராதா என்று கேட்பீர்கள். வரும். மிக அழகாக வரும். எனக்கு அந்த அழகுதான் பயமாக இருக்கிறது. நான் சிமுலேஷனுக்கு எதிரி இல்லை. தினமும் அதில்தான் வேலை பார்க்கிறேன். ஆயிரம் கோளாறுகளைக் கட்டமைப்பில் நிஜமாக உண்டாக்கிப் பார்க்க முடியுமா? கணினிதான் வழி. ஆனால் சிமுலேஷன், நாம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். நாம் கேட்க மறந்ததைத் தானாக வந்து சொல்வது நிஜ இயந்திரம் மட்டும்தான்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் ஆண்டில் ஆல்டர்னேட்டரை பஸ்ஸோடு, அதாவது ஏற்கெனவே மின்சாரம் ஓடும் பொதுக் கம்பியோடு, இசையவைத்து இணைக்கும் (சிங்க்ரனைஸ்) சோதனை. மூன்று விளக்குகள். மூன்றும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தால் ஃபேஸ் வரிசை சரி. ஒன்றை ஒன்று துரத்தினால் இரண்டு ஒயர்களை மாற்றிப் போட வேண்டும். வேகத்தைச் சரிசெய்து, விளக்குகள் நிதானமாக மினுக்கும் வரை காத்திருந்து, இருட்டின் நடுவில் ஸ்விட்சைப் போட வேண்டும். நான் இருட்டு ஆரம்பித்ததுமே போட்டுவிட்டேன். விளக்கு அணைந்து தெரிந்தாலும் அதன் குறுக்கே இன்னும் கணிசமான வோல்டேஜ் மிச்சமிருக்கும் என்று புத்தகத்தில் ஒரு வரி இருக்கும். நான் அதை அடிக்கோடிட்டுப் படித்தும் இருந்தேன். தரை அதிர்ந்தது. இயந்திரம் ஒரு உறுமு உறுமி, ஒரு தள்ளாட்டம் ஆடி, பிறகு சுருதிக்கு வந்தது. லேப் அசிஸ்டென்ட் அண்ணன் திட்டவில்லை. “கேட்டுச்சா? அதான் கோண வித்தியாசம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சுழலும் ஒரு நிறையைக் கட்டமைப்பு பிடித்து இழுக்கும்போது என்ன ஆகும் என்பது அன்றைக்கு என் உள்ளங்காலுக்குப் புரிந்தது. சமன்பாட்டில் அது டெல்டா என்று ஓர் எழுத்து, அவ்வளவே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பானது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சப்ஸ்டேஷன் வேலையில் என்னோடு ஒரு புதுப் பொறியாளர் இருந்தார். நல்ல மதிப்பெண், கூர்மையான பையன். மீட்டர் ஒன்றைக் கழற்றி மாட்ட வேண்டியிருந்தது. லைனில் மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே லைன் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குக் கொடுக்கும் கரண்ட் ட்ரான்ஸ்ஃபார்மரின் (சி.டி.) செகண்டரியை ஷார்ட் செய்யாமல் திறக்கப் போனார். நான் அந்த நேரம் பக்கத்தில் இருந்ததால் கையைப் பிடித்து நிறுத்தினேன். திறந்திருந்தால் அந்த முனைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பியிருக்கும். தேநீர் இடைவேளையில் கேட்டேன். சி.டி. செகண்டரியை ஏன் திறந்து வைக்கக் கூடாது என்று அழகாக விளக்கினார். ஆம்பியர் சுற்று, கோர் சாச்சுரேஷன், எல்லாம். நிஜ சி.டி.யைத் தொட்டதே அன்றுதான் முதல் தடவை. அவர் படித்த இடத்தில் அந்தச் சோதனை திரையில்தான் நடந்ததாம். திரையில் தவறு செய்தால் சிவப்பு எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும். பேனலில் எந்த எழுத்தும் வராது.

சரி, பாதுகாப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். உங்கள் சுற்றறிக்கை ‘ஆராய்ச்சியில் முன்னேற்றம்’ என்பதற்காகத்தான் இதையெல்லாம் செய்வதாகச் சொல்கிறது. அதனால் ஆராய்ச்சியைப் பற்றியும் பேசுவோம். நம் துறையின் சரித்திரத்தில் பெரிய கருத்துகள் பல, வகுப்பறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவில் சுவர் இல்லாத இடங்களில்தான் முளைத்தன.

மின்சுற்றுக் கணக்குகளுக்கு அடிப்படையான தன் இரண்டு விதிகளையும் கிர்க்காஃப் வகுத்தது 1845-இல், கோனிக்ஸ்பெர்க்கில் மாணவனாக இருந்தபோது, ஒரு கருத்தரங்க வகுப்பின் பயிற்சியாக. வயது 21. மின்பொறியியலுக்கென்று உலகில் ஒரு பேராசிரியர் பதவி உருவாக அதற்குப் பிறகு 37 ஆண்டுகள் ஆயின. 1882-இல் டார்ம்ஸ்டாட்டில் எராஸ்மஸ் கிட்லர் அதில் அமர்ந்தார். துறை வருமுன்பே மாணவன் வந்துவிட்டான்!

க்ளாட் ஷானன் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1936-இல் போனது, வன்னேவர் புஷ்ஷின் டிஃபரென்ஷியல் அனலைசர் என்ற கணக்குப் போடும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக. கம்பியும் பல்சக்கரமும் நிறைந்த அந்தப் பெரிய இயந்திரத்தை இயக்கிய, மின்சாரத்தால் திறந்து மூடும் ரிலே சுற்றுகளை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான், முன்பு படித்த, உண்மை–பொய் என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் பூலியன் தர்க்கம் இதற்குள் அப்படியே உட்காருகிறதே என்று அவருக்குப் பட்டது. அதை 1937-இல் முதுகலை ஆய்வேடாக எழுதினார். முனைவர் பட்டம்கூட இல்லை, முதுகலை ஆய்வேடு. இன்று கணினி என்று எதைச் சொன்னாலும் அதன் அடியில் அது இருக்கிறது. அவர் கையில் ரிலே இல்லாமல் வெறும் தர்க்கப் புத்தகம் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ரிலேக்காரன் என்பதால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் இருக்கலாம், மன்னிக்கவும்.

நீங்கள் லேப்புக்குப் பதிலாக வைக்கப்போகும் சிமுலேஷனின் பூர்வீகமே இதுதான். ஸ்பைஸ் என்ற சுற்று சிமுலேட்டர் பெர்க்லியில் 1973-இல் வெளிவந்தது. அதற்கு முந்தைய வடிவம் எங்கிருந்து வந்தது? ரொனால்டு ரோரர் நடத்திய ஒரு வகுப்பிலிருந்து. பாடம் நடத்துவதற்குப் பதிலாக, எல்லோரும் சேர்ந்து ஒரு சிமுலேட்டரை எழுதுவோம் என்று அவர் மாணவர்களை இறக்கிவிட்டார். அந்த வகுப்பில் இருந்த லாரன்ஸ் நேகல் அதை டொனால்டு பெடர்சனின் வழிகாட்டலில் ஸ்பைஸ் ஆக்கினார். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார்கள். வகுப்பில் மாணவர்கள் எழுதிய நிரல் உலகத்தின் கருவியானது. நீங்களோ, அதே வகைக் கருவியைத் திறந்து, ‘ரன்’ பொத்தானை அழுத்தி, வரைபடத்தை அச்செடுத்து ஒட்டுவதைச் சோதனை என்று வைக்கப்போகிறீர்கள்.

பழைய இரும்புக்காக மட்டும் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். 1978-இல் லின் கான்வே ஒரு சிப் வடிவமைப்பு வகுப்பு நடத்தினார். மாணவர்கள் வடிவமைத்த சிப்புகளை ஒரே சிலிக்கான் வில்லையில் சேர்த்து நிஜமாகவே தயாரித்து, சில வாரங்களில் அவர்கள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். அதுவரை பெரிய நிறுவனங்களுக்குள் பூட்டிக் கிடந்த கலை அது. தான் வரைந்தது வேலை செய்கிறதா என்று சோதிக்கிற பிள்ளையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். இரும்பானாலும் சிலிக்கானானாலும் விஷயம் ஒன்றுதான்.

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் 1970-களில் சூரிய மின்கலக் குழுவைத் தொடங்கியது மின்பொறியியல் பள்ளியில்தான். அங்கே 1980-களில் உருவான ‘பெர்க்’ வகை மின்கலம், பல ஆண்டுகள் கழித்து உலகச் சந்தையில் முன்னணிக்கு வந்தது. அந்தக் குழுவில் படித்தவர்களில் சிலர் சீனாவின் சூரியத் தகடு ஆலைகளைக் கட்டியெழுப்பினார்கள். 30 ஆண்டுப் பொறுமை. உங்கள் சுற்றறிக்கையில் ஆராய்ச்சி என்ற தலைப்புக்குக் கீழே இருப்பது என்ன? ஒவ்வொரு ஆசிரியரும் ஆண்டுக்கு இத்தனை கட்டுரை, ஒவ்வொரு முனைவர் மாணவரும் பட்டத்துக்கு முன் இத்தனை கட்டுரை. எண்ணிக்கை வந்துவிடும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஒரு கட்டுப்பாட்டு முறையில் ஒரு பறவை அல்லது பூச்சியின் பெயர் கொண்ட ஆப்டிமைசேஷனைச் சேர்த்து, சிமுலேஷனில் ஓவர்ஷூட் (இலக்கைத் தாண்டிப் போகும் அளவு) 3 சதவீதம் குறைந்தது என்று காட்டினால் ஒரு கட்டுரை. அடுத்த பருவத்துக்கு வேறு பறவை. இவற்றில் பலவற்றை நான் வேலைக்காகப் படித்துப் பார்த்திருக்கிறேன். நிஜ சுற்றில் மாட்டிப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு விடை, ‘எதிர்காலப் பணி’ என்ற கடைசிப் பத்தியில் இருக்கும்.

சரி, குறை சொல்வது சுலபம். என்ன செய்யலாம் என்று கேட்டால், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எதையும் நீக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. மெஷின்ஸ் பாடத்தில் கழிக்க வேண்டியது ஏராளம். டி.சி. ஆர்மேச்சர் வைண்டிங் படம் வரைய வைத்து ஒரு மாதம் போகிறது, தேவையில்லை. இன்டக்‌ஷன் மோட்டாரின் வட்ட வரைபடத்தைத் தாளில் காம்பஸ் வைத்து வரைவது, மெர்க்குரி ஆர்க் ரெக்டிஃபயர் பற்றிய இரண்டு மணி நேரம், ஆம்ப்ளிடைன்: எல்லாவற்றுக்கும் மாலை போட்டு அனுப்பிவிடலாம். இருக்கும் 12 சோதனைகளை 5 ஆக்குங்கள். ஆனால் அந்த 5-ஐயும் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையால் செய்யட்டும். ஒரே சோதனைக்கு மூன்று வாரம் கொடுங்கள். முதல் வாரம் சிமுலேஷன், அடுத்த வாரம் நிஜ இயந்திரம், மூன்றாவது வாரம் இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை என்று எழுதுவது. மதிப்பெண் அந்த மூன்றாவது வாரத்துக்கு. ஒத்துப்போகாததை எழுதச் சொன்னால் சீனியரின் நோட்டு உதவாது, கவனித்தீர்களா?

அந்த ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய இன்வெர்ட்டரை வையுங்கள், சில கிலோவாட் போதும். இரண்டையும் ஒரே பஸ்ஸில் இணைத்து, திடீரென்று சுமையைப் போட்டு, அதிர்வெண் எப்படிச் சரிகிறது என்று பார்க்கட்டும். இயந்திரம் தனியாக, இன்வெர்ட்டர் தனியாக, இரண்டும் சேர்ந்து. கட்டமைப்பு நடத்துபவர்கள் இன்று மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வியை உங்கள் மூன்றாம் ஆண்டு மாணவி ஒரு மதியத்தில் கண்ணால் பார்த்துவிடலாம். புதுப் பட்டப்படிப்பில் சேர்கிற செயற்கை நுண்ணறிவுப் பிள்ளைகளுக்கும் இதிலேயே வேலை இருக்கிறது. அந்த மேசையில் சென்சார்களை மாட்டி, அவர்களே அளந்த தரவில் அவர்களுடைய மாடல் தேறுகிறதா என்று பார்க்கட்டும். இணையத்தில் யாரோ சுத்தம் செய்து வைத்த தரவில் 99 சதவீதம் துல்லியம் வாங்குவது வேறு. பேரிங் தேய்ந்த மோட்டாரின் இரைச்சலுக்குள் எதையாவது கண்டுபிடிப்பது வேறு.

பட்டப்படிப்பின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பெயரில் என்ன வேண்டுமானாலும் சேருங்கள், சேர்க்கைக்கு அது உதவுமானால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சுற்றுகள், மின்காந்தப் புலங்கள், சிக்னல்கள், கட்டுப்பாடு, இயந்திரங்கள் ஆகிய ஐந்தையும் எந்தப் பெயருக்காகவும் சுரண்டாதீர்கள். மின்காந்தப் புலம் கஷ்டம் என்று பிள்ளைகள் அழுவார்கள். நானும் அழுதேன், இரண்டாம் முறைதான் தேறினேன்.

ஆராய்ச்சிக் கூடங்களின் கதவையும் கொஞ்சம் திறந்து வையுங்கள். நான் படித்த நாலு ஆண்டுகளில், மேல்மாடியில் இருந்த ஹை வோல்டேஜ் ஆய்வுக்கூடத்துக்குள் ஒருமுறை போயிருக்கிறேன். யாரோ முக்கியஸ்தர் வந்தபோது நாற்காலி தூக்கிப் போட. இளநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவமாவது ஏதோவொரு ஆய்வுக்குழுவில் எடுபிடியாக இருந்துவிட்டு வரட்டும். சாலிடரிங் செய்யட்டும், தரவு எடுக்கட்டும், முனைவர் மாணவர் ஆறு மாதமாக மல்லுக்கட்டும் சுற்று இன்றைக்கும் ஓடவில்லை என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். ஆராய்ச்சி என்றால் என்ன என்று அதைவிட நன்றாக எந்தச் சிற்றேடும் சொல்லாது.

வெளியே வேலை பார்த்தவர்களை உள்ளே விடுங்கள். எடித் கிளார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், மேலே சொன்ன உருமாற்றத்துக்குப் பெயர் கொடுத்தவர். 1919-இல் மாசசூசெட்ஸில் மின்பொறியியல் முதுகலை வாங்கிய முதல் பெண். பல ஆண்டுகள் தொழில்துறையில் நெடுந்தூர லைன்களின் கணக்கைப் போட்டுவிட்டு, 1947-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த வந்தார். ஆரோக்கியசாமி பால்ராஜ், கடற்படையில் சோனார் கருவிகளை உருவாக்கிக் காலம் கழித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர். இன்றைய 4ஜி, 5ஜி கைபேசிகளில் இருக்கும் பல-ஆன்டெனாத் தொழில்நுட்பத்தின் முன்னோடி யோசனை அங்கே 1990-களின் தொடக்கத்தில் அவரிடம் பிறந்தது. உங்கள் நியமன விதிப்படி பார்த்தால், இந்த இருவருக்கும் தேவையான ‘தொடர்ச்சியான கற்பித்தல் அனுபவம்’ இருந்திருக்குமா என்பது சந்தேகம்.

அப்புறம், லேப் அசிஸ்டென்ட் பணியிடங்கள். இரண்டு பேர் ஓய்வுபெற்றும் அந்த இடங்கள் நிரப்பப்படவில்லை என்று கேள்விப்பட்டேன். லேப் செத்ததற்குக் காரணம் இயந்திரத்தின் வயது என்று நீங்கள் சொல்கிறீர்கள். அது பாதிதான். பிரஷ் தேய்ந்ததை மாற்றத் தெரிந்தவர், எந்த டெர்மினல் தளர்ந்திருக்கிறது என்று கைவைத்துப் பார்க்காமலே சொல்லத் தெரிந்தவர் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஆள் போடாமல் விட்டால் எந்த இயந்திரம்தான் பிழைக்கும்?

செலவுக்கு எங்கே போவது என்பீர்கள். எங்கள் தொழிலில் சப்ஸ்டேஷன்களைப் புதுப்பிக்கும்போது நல்ல நிலையில் உள்ள ரிலேக்களும், சி.டி.க்களும், சிறிய மோட்டார்களும் கழித்துப் போடப்படுகின்றன. கடிதம் எழுதிக் கேட்டால் நிறுவனங்கள் பல நேரங்களில் கொடுக்கும். கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடிதங்களை எழுதும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வகுப்பில் இன்னும் சிலர் இதே துறையில் இருக்கிறோம். பேசிப் பார்த்தேன், மாதத்தில் ஒரு சனிக்கிழமை முறைவைத்து லேப்புக்கு வர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சம்பளம் வேண்டாம். வாசல் காவலரிடம் மட்டும் சொல்லிவையுங்கள், போன தடவை என்னை உள்ளே விடவில்லை.

குழுவின் அடுத்த கூட்டத்தை லேப்பிலேயே வைக்க முடியுமா? தென்கிழக்கு மூலையில் இருக்கும் அந்த ஆல்டர்னேட்டர் இன்னும் ஓடும் என்று நினைக்கிறேன். விளக்குகள் மட்டும் புதிதாக மூன்று வேண்டியிருக்கும். வரும்போது நான் வாங்கி வருகிறேன். ஸ்விட்சை உங்களில் யாராவது போடுங்கள்.

அன்புடனும் மரியாதையுடனும்,
உங்கள் பழைய மாணவன்,
ஒரு ரிலே டெஸ்டிங் பொறியாளர்